வடிவக்கா எருமை

எங்க ஊருல கேள்வி கேட்டா விலங்கு வரும். வெளியூர்க்காரங்க இதைக் கேட்டா வாயைப் பொளப்பாங்க, ஆனா எங்க ஊருல பால்வாடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஏன்னா அது மொதமொதல்ல வந்ததே தென்காசி ரோட்டுல இருக்கிற கதிரேசன் கல்யாண மகாலோட பந்தி ஹாலுலதான், அதுவும் நான் நடத்துற வகுப்புலதான். நான்னா ரூபி. பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டுல சிஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. இந்த ஊருல பாதிப் பேரை நான்தான் தலைகீழாப் பிடிச்சு முதுகுல ஒண்ணு வச்சு அழ வச்சேன், அதனால எம்புட்டுப் பெரிய மீசை வந்து என் முன்னால நின்னு சத்தம் போட்டாலும் எனக்கு அந்த மீசை தெரியாது, அந்தப் பிஞ்சு முதுகுதான் தெரியும்.

ரிட்டயர் ஆன அன்னைக்கு எனக்கு ஒரு சால்வை போத்தி ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்தாங்க. இனிமே வேலைக்கே போகாத பொம்பளைக்கு எதுக்குக் கடிகாரம்? ரிட்டயர் ஆனவங்க எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கடிகாரம் தொங்குது, அதுக்குக் கீழ ஒரு ஆளு பேப்பரை விரிச்சுக்கிட்டு, படிச்ச செய்தியையே திரும்பப் படிச்சுக்கிட்டு, அடுப்படியில யாரு என்ன செய்யுதாங்கன்னு நோட்டம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. சும்மா இருக்கிறதைப் போல ஒரு சீக்கு இல்ல, ஆஸ்பத்திரியில பாத்தவ சொல்லுதேன். அதனால அம்புட்டுப் பேரையும் இழுத்துட்டு வந்து ஒரு வகுப்பு ஆரம்பிச்சேன். மகால் மேனேஜர் பிறந்ததும் என் கையிலதான், அதனால முகூர்த்தம் இல்லாத நாளுல பந்தி ஹாலைக் குடுத்தாரு. ஆடி முழுக்க வகுப்பு, புரட்டாசி முழுக்க வகுப்பு, மார்கழி முழுக்க வகுப்பு. ஊருல கல்யாணம் நின்னா எங்களுக்குப் படிப்பு ஆரம்பிச்சிரும். போர்டுல 'மூத்தோர் கற்றல் வட்டம்'னு எழுதியிருக்கு, ஊரு அதைக் கிழட்டுப் பள்ளிக்கூடம்னு சொல்லுது. சொல்லட்டும், எனக்கா வயிறு வலிக்கு.

ஆரம்பத்துல அங்க ஒரு கேள்வியும் வராது. ஒருத்தரு நட்சத்திரத்தைப் பத்திப் பேசுவாரு, ஒருத்தரு சக்கரை வியாதியைப் பத்திப் பேசுவாரு, இன்னொருத்தரு தேனீ வளக்கிறதைப் பத்திப் பேசுவாரு, எல்லாத்துக்கும் எல்லாரும் ஒரே மாதிரித் தலையை ஆட்டுவாங்க. ஆயுசு பூரா ஆபீஸ்ல ஆட்டிப் பழகுன தலை அது. மேலதிகாரி பேசையில புரிஞ்சாலும் ஆட்டணும், புரியாட்டாலும் ஆட்டணும், அதனால பென்ஷன் வாங்குன பொறவும் அது பாட்டுக்கு ஆடும். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?"ன்னு பேசுனவரு கேட்டார்னா உடனே எல்லாரு கண்ணும் வடைச் சட்டிக்குப் போயிரும். ஒருநாள் எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! சட்டியைத் தூக்கி என் நாற்காலிக்கு அடியில வச்சுக்கிட்டு, "இன்னைக்கு மொதக்கொண்டு ஒருத்தராவது நெசமாவே தெரியாத ஒண்ணைக் கேக்கிற வரைக்கும் வடையும் கிடையாது, டீயும் கிடையாது"ன்னு சொல்லிட்டேன்.

மொதல்ல எந்திரிச்சது தளவாய் சார். தாசில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. "எனக்கு ஒரு கேள்வி இருக்கு"ன்னு ஆரம்பிச்சு, அவரு காலத்துல ஆத்துல வெள்ளம் வந்ததையும், அவரு ராவும் பகலும் நின்னதையும், கலெக்டரு அவரு தோளுல கை போட்டுப் பாராட்டுனதையும் ஆதியோடந்தமாச் சொல்லி, கடைசியில "சரிதானே?"ன்னு முடிச்சாரு. ஒண்ணும் வரல. வடையும் வரல. பொறவு பஸ் டிப்போவுல கிளார்க்கா இருந்த இசக்கியப்பன் அண்ணாச்சி மெதுவா எந்திரிச்சு, "சின்ன வயசுலேர்ந்து கேக்கணும்னு இருக்கேன் சிஸ்டர், பஸ்ல போகையில மரமெல்லாம் பின்னால ஓடுது, நிலா மட்டும் ஏன் நம்ம கூடவே வருது?"ன்னு கேட்டாரு.

அவரு கேட்டு வாயை மூடல, பந்தி மேசையில ஒரு வாத்து நிக்குது. வெள்ளை வாத்து, ஈரக் காலு. "மேசையைத் துடைக்கணுமே"ன்னு ஒரு குரல் வந்துச்சு. ஹெட்மாஸ்டரா இருந்த ஆறுமுகநயினாரு, "அது இயற்கை, அப்படித்தான் வரும்"னு சொன்னதும் வாத்து ஒரு சுத்துப் பெருத்துச்சு. அவருக்கு ரோசம் வந்துட்டு. இசக்கியப்பன் அண்ணாச்சி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, ஜன்னல் ஓரமா ஹாலோட நீளத்துக்கும் நடக்க வச்சு, "இந்தா, இந்த ஜன்னல் கம்பியைப் பாரும், சட்டுனு பின்னால போகுதா? அந்தாக்குல மலை தெரியுதுல்லா, அது நகருதா? கிட்ட இருக்கிறது ஓடும்வே, ரொம்பத் தூரத்துல இருக்கிறது கூடவே வார மாதிரித்தான் தெரியும். நிலா மலையைவிட எம்புட்டோ தூரம்லா"ன்னு சொன்னாரு. அண்ணாச்சி திரும்ப ஒருக்க நடந்து பாத்தாரு. "அட!"ன்னாரு. வாத்தைக் காணோம். நான் வடைச் சட்டியை எடுத்து மேல வச்சேன்.

அதுலேர்ந்து அது பாட்டுக்கு நடந்துச்சு. கேள்வி கேட்டா கோழி வரும், ஆடு வரும், முயலு வரும், பணவீக்கம்னா என்னன்னு ஒருத்தி கேட்டதுக்குக் கழுதையே வந்துச்சு. பதில் கெடைக்கிற வரைக்கும் கேட்டவங்க பின்னாலயே போகும், கெடச்சதும் இருந்த இடம் தெரியாமப் போயிரும். டவுன் பஸ்ல கழுதையோட ஏறுனா கண்டக்டரு திட்டமாட்டாரு, "இது என்ன கேள்வி மதினி?"ன்னு கேட்டு, தெரிஞ்சதைச் சொல்லிப் பாப்பாரு. வகுப்பு முடிஞ்சும் போகாம நின்ன கோழிக, கேட்டவங்க கூடவே மறுநாள் கல்யாணப் பந்திக்கு வந்து பாயசத்துல வாயை வச்சிரும்னு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே காலேஜு படிச்ச பிள்ளைகளைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பதில் தேடுனாங்க. அதுகளுக்குன்னு அரிசி களைஞ்ச தண்ணியும் காய்கறித் தோலும் தினமும் மகால் வாசலுக்கு வந்துரும். மாட்டு டாக்டரு மட்டும் வந்து பாத்துட்டு, இது தன்னோட டிபார்ட்மென்ட் இல்லன்னு சொல்லிட்டுப் போனாரு.

பழகப் பழக அதுகளோட கொணமும் பிடிபட்டுச்சு. "பார்ப்போம்", "ஆகட்டும்"னு யாராவது சொன்னா அது கொழுக்கும், தளவாய் சார் வாயைத் திறந்தாலே ஆடெல்லாம் உருண்டு திரண்டு நிக்கும், பாவம் அவரு என்ன செய்வாரு, அந்த ரெண்டு வார்த்தையை வச்சே தாலுகாவை ஓட்டுனவரு. மனசுக்கு இதமா ஒரு பொய்யைச் சொன்னாலோ அது கொழுக்காது, வளரும், எலும்போட சேந்து வளரும். அப்புறம் ஒருநாள் இசக்கியப்பன் அண்ணாச்சி இன்டர்நெட்டு எங்க இருக்குன்னு கேட்டாரு, கோழி வந்துச்சு, பின்னால உக்காந்திருந்த ரெண்டு மூணு பேரு சிரிச்சிட்டாங்க. அவரு மொகம் சுண்டிப் போச்சு. "ஒண்ணுமில்ல, விடுங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்தாரு. கோழி போயிருச்சு. ஆனா அன்னைக்கோட அந்த மனுஷனுக்குக் கேக்கிறதே போயிருச்சு. பஸ் ஸ்டாண்டுல போயி நிப்பாரு, எந்த பஸ்ஸு எங்க போகுதுன்னு கேக்க வாய் வராது, டிப்போவுல வேலை பாத்த ஆளு, ஏதோ ஒரு பஸ்ஸுல ஏறி ஏதோ ஒரு ஊருல எறங்கி நடந்து வருவாரு. சிரிச்சவங்களை நான் விட்ட விடுல அவங்களுக்குச் சோறு எறங்கியிருக்காது. ஆனா திட்டி என்ன செய்ய, போனது வரல.

இப்பம் வடிவு கதைக்கு வாரேன். வடிவு தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்தவ. இப்பமும் தளவாய் சார் ஹாலுக்குள்ள வந்தா அவ எந்திரிச்சு நிப்பா, நான் அவ தோளைப் பிடிச்சு அமுக்குவேன். அவ அப்பா சாகும்போது அவளுக்கு இருபது வயசு, தம்பி நெல்லையப்பன் நடக்கக்கூட ஆரம்பிக்கல, அம்மா சீக்காளி. அப்பா வேலையைத்தான் இவளுக்குக் குடுத்தாங்க. தம்பியைப் படிக்க வச்சது அவ, அம்மாவைக் கடைசி வரைக்கும் பாத்தது அவ, வீடு கட்டுனது அவ, தம்பிக்குச் சொர்ணத்தைப் பாத்துப் பேசிக் கட்டி வச்சதும் அவதான். அவளுக்கும் வரன் வந்துச்சு. வந்தப்பம் எல்லாம் தம்பிக்குப் பரீட்சை இருந்துச்சு. ரிட்டயர் ஆயி அதே வீட்டுலதான் இருந்தா, இப்பம் அதுக்குத் தம்பி வீடுன்னு பேரு. வகுப்புக்குப் பிந்தித்தான் வருவா, முந்தித்தான் போவா, கேட்டா "மாவு ஆட்டணும் சிஸ்டர்", "பால் வாங்கணும் சிஸ்டர்"னு சொல்லுவா. கடைசி வரிசையில கை கழுவுற குழாய்ப் பக்கம் உக்காருவா. ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டதில்ல.

அந்த மார்கழியில ஒருநாள் வம்சாவளி வரையிறதைப் பத்தி வகுப்பு. ஆளுக்கொரு பெரிய தாளு, அதுல அவங்கவங்க வீட்டை வரைஞ்சு, யாரு யாருக்கு என்ன முறைன்னு எழுதணும். எல்லாரும் பேரன் பேத்தின்னு ஆசையா எழுதிக்கிட்டு இருக்காங்க, தளவாய் சார் பாளையக்காரரு காலம் வரைக்கும் போயிட்டாரு. வடிவு தம்பியை எழுதிட்டா, சொர்ணத்தை எழுதிட்டா, பிள்ளைக ரெண்டையும் எழுதிட்டா. தன் பேரை எழுதுனா. அதுக்கு அடியில பென்சிலை வச்சுக்கிட்டு அப்படியே இருந்தா, எல்லாரும் முடிச்ச பொறவும் இருந்தா. நான் பக்கத்துல போனேன். அவ தலையைத் தூக்கி, ரொம்பச் சாதாரணமா, சீனி இருக்கான்னு கேக்கிற மாதிரித்தான் கேட்டா.

"சிஸ்டர், என் தம்பி வீட்டுல நான் யாரு?"

குழாய்ப் பக்கம் ஒரு எருமை நின்னுச்சு. கன்னுக்குட்டி இல்ல, நல்லா வளந்த எருமை, கொம்பு வளைஞ்சு, கரு கருன்னு, மூச்சு விட்டா மேசை விரிப்பு பறக்கு. வடையைக் கடிச்சவங்க கடிச்ச வடையோட நின்னாங்க. தளவாய் சார்தான், மனுஷனுக்கு நல்ல மனசு, பழகுன வாய், "இதென்னம்மா கேள்வி, அந்த வீட்டுக்கே தூணு நீதானம்மா"ன்னாரு. எருமையோட கொம்பு போயி டியூப்லைட்டுல இடிச்சுச்சு. "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயை மூடுங்க"ன்னேன்.

அது அவ பின்னாலயே வீட்டுக்குப் போச்சு. நெல்லையப்பன் சிமெண்ட் கடையைச் சாத்திட்டு வந்து பாக்கான், வீட்டு ஹாலுல டிவிக்கு முன்னால எருமை நிக்குது. விசயத்தைக் கேட்டுட்டுச் சிரிச்சானாம். "என்னக்கா நீ, இதுக்கு ஒரு கேள்வியா? நீ எங்களுக்கு அம்மா மாதிரில்லா"ன்னான். எருமை ஒரு சாண் வளந்து சோபாவுல சாஞ்சுச்சு, சோபா போச்சு. மறுநாள் "நீ எங்க குலதெய்வம்க்கா"ன்னான். அன்னைக்கு அது ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல அடைச்சிட்டு நின்னுச்சு, சொர்ணம் வாசல் வழியா எறங்கி வீட்டைச் சுத்திப் போயித்தான் காபித்தண்ணி எடுக்க வேண்டியிருந்துச்சு. அக்கம்பக்கத்துல உள்ளவங்க அகத்திக்கீரையும் புண்ணாக்கும் கொண்டு வந்தாங்க, கொண்டு வந்தவங்க சும்மா போவாங்களா, "வடிவக்கா தங்கமான மனுஷி", "மெழுகுவத்தியா உருகுனவ"ன்னு ஆளுக்கொரு வார்த்தை சொல்லிட்டுப் போனாங்க. எருமை முதுகு ஃபேனைத் தொட்டுச்சு. கடைசியில நானே போயி அவங்க வீட்டு கேட்டுல ஒரு அட்டையைக் கட்டித் தொங்க விட்டேன்: 'தயவு செய்து வடிவக்காவை யாரும் புகழ வேண்டாம்.'

அதைப் பாத்துட்டுத்தான் நெல்லையப்பனுக்குக் கோவம் ஏறிருச்சு. நேரா வகுப்புக்கு வந்தான். "வாய் செத்து, தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருந்த மனுஷியை என்ன பாடு படுத்தி வச்சிருக்கீய! வீட்டுல மனுஷன் நடமாட முடியல, கடைக்கு வாரவன் சிமெண்டைக் கேக்கல, எருமையைக் கேக்கான். இந்த வயசுக்கு மேல எதுக்குவே இவங்களுக்குப் படிப்பு?"

"நெல்லையப்பா, உன்னைத் தலைகீழாப் பிடிச்சவ நான். சத்தத்தைக் குறை"ன்னேன்.

குறைச்சான். ஆனா சொன்னதை மாத்தல. "வார புதன்கிழமை அக்காவைக் கூட்டிட்டு வாரேன். இங்க வச்சுத்தானே கேட்டா, இங்க வச்சே எல்லாரு முன்னாலயும் 'ஒண்ணுமில்ல, விடுங்க'ன்னு சொல்லிரட்டும். சொல்லலன்னா அவ என் வீட்டுக்கு வர வேண்டாம், எருமையோட எங்கயும் போயிக்கிடட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டான். ஹாலுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனாங்க. சொல்லிட்டா நல்லதுதானேன்னு பாதிப் பேரு, இந்த வயசுல எங்க போயி நிப்பான்னு பாதிப் பேரு. இசக்கியப்பன் அண்ணாச்சி எந்திரிச்சாரு, என்னமோ கேக்கணும்னு வாயைத் திறந்தாரு, வரல, என்னைப் பாத்துக்கிட்டே நின்னாரு. அவரு அப்படி நின்னதைப் பாத்த பொறவு யாரும் சொல்லிரட்டும்னு பேசல.

மறுநாள் காலையில ஆத்துக்குப் போனேன். வடிவு படித்துறையில சேலையை இடுப்புல செருகிக்கிட்டு எருமையைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா. தண்ணி மட்டத்துக்கு மேல அது ஒரு பாறை கணக்காத் தெரிஞ்சுச்சு, அதுல பாதி முதுகுக்குத்தான் அவ கை எட்டுச்சு. தேங்காய் நாரை வச்சுத் தேய்ச்சிக்கிட்டே, "சொல்லிட்டா போயிரும்லா சிஸ்டர்?"ன்னா.

"போயிரும். கூடவே உன் வாயும் போயிரும். இசக்கியப்பனைப் பாத்தல்லா."

"நான் முன்னமே அப்படித்தானே இருந்தேன். எத்தனை ஒண்ணுமில்ல சொல்லியிருப்பேன்."

பிரசவ வார்டுல எம்புட்டோ பாத்தவ, எனக்கு லேசுல அழுகை வராது, அன்னைக்கு வந்துச்சு. "ஏட்டி, என் வீட்டுல ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு. நீ எதுக்கும் பயப்படாத, அந்தப் பயலை நான் பாத்துக்கிடுதேன்"ன்னேன்.

அவ நாரை அலசிப் பிழிஞ்சா. "போக்கிடம் இல்லன்னா சொன்னேன் சிஸ்டர்? பென்ஷன் வருது, ஒரு ரூமுல கெடந்துட்டுப் போவேன். எனக்குப் பயம் அது இல்ல. அவங்க என்னை நல்லாத்தான் வச்சிருக்காங்களோ, எனக்குத்தான் நன்றி கெட்ட மனசோ, எனக்குத்தான் புத்தி கோணிப் போச்சோன்னு தினமும் தோணுது. அவன் அம்மா மாதிரின்னு சொல்லும்போது நான் நம்பிருவேன் சிஸ்டர். இது வளந்தப்பம்தான் அது பொய்யின்னு தெரிஞ்சுச்சு. எனக்கு ரூமு வேண்டாம், பதில் வேணும்." எருமை தண்ணியைக் குடிச்சிட்டு அவ தோளுல தலையை வச்சுச்சு. அவ நனைஞ்சு போனா.

புதன்கிழமை ஹால் நெறஞ்சிருச்சு, கல்யாணத்துக்குக்கூட அம்புட்டுக் கூட்டம் வராது. டவுன் பஸ் கண்டக்டரு லீவு போட்டுட்டு வந்திருந்தாரு. எருமை உள்ள வர மேனேஜரு பந்தி ஹாலோட ரெண்டு கதவையும் கழத்தி வச்சிருந்தாரு. நெல்லையப்பன் வெள்ளை வேட்டி கட்டி, சொர்ணத்தையும் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னான். சொர்ணம் ஒரு வாரமாச் சாணி அள்ளி அள்ளிக் கறுத்துப் போயிருந்தா. அவன் மைக்கைக் கையில வாங்கி, அக்கா தனக்குச் செஞ்சதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சான். நான் மைக்கைப் பிடுங்கிட்டேன். "அது வளந்தா மகால் கூரை போயிரும். சோலியை மட்டும் பாரு."

"சொல்லுக்கா"ன்னான். "ஒரு வார்த்தைதானே. வீட்டுக்குப் போவோம்."

வடிவு எந்திரிச்சா. எருமை கழுத்துல கையை வச்சுக்கிட்டா. அவ தம்பியைப் பாத்தா, எங்களை எல்லாம் பாத்தா. அவ உதடு அந்த வார்த்தைக்கு எம்புட்டுப் பழகியிருக்குன்னு எனக்குத் தெரியும், எங்க எல்லாருக்கும் பழகுன வார்த்தைதானே அது, காச்சல்ல கெடந்தாலும் ஒண்ணுமில்ல, கண்ணு கலங்குனாலும் ஒண்ணுமில்ல. நான் கர்த்தரே கர்த்தரேன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தேன். அவ வாயைத் திறந்தா.

"சொல்லாதீங்க மதினி."

சொர்ணம்தான். எல்லாரும் திரும்பிப் பாத்தோம். நெல்லையப்பன் அவ கையைப் பிடிச்சான், அவ உதறிட்டா. "இது என்னையேதான் பாக்கு சிஸ்டர். நான் காலையில எந்திரிச்சு வந்தா என்னைப் பாக்கு, சாணி அள்ளும்போது என்னைப் பாக்கு. இவரு சொல்லுற பொய்க்கெல்லாம் இது வளருது, பாக்கிறது என்னை." அப்புறம் வடிவுக்கு நேரா வந்து நின்னா. "நான் சொல்லுதேன் மதினி. நான் எட்டு மணி வரைக்கும் தூங்கணும்னா அஞ்சு மணிக்கு எந்திரிக்கிற ஆளு நீங்க. சம்பளம் வந்த வரைக்கும் உங்களுக்கு அக்கான்னு பேரு, அது நின்ன பொறவு சமையக்காரி. கெட்டித் தயிரு உங்க இலைக்கு வராது, நான் வைக்க மாட்டேன், தெளிஞ்ச மோருதான் வைப்பேன். உங்களுக்கு மேலுக்கு முடியலன்னா எனக்கு மொதல்ல உங்க நெனப்பு வராது, அடுப்பு நெனப்புதான் வரும். இவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தா சௌகரியமா இருந்துச்சு, இருந்துட்டோம். அம்புட்டுத்தான்."

எருமை ஒரு பெருமூச்சு விட்டுச்சு. விட்ட மூச்சுல அது எளைச்சுச்சு, ஃபேனை விட்டு எறங்குச்சு, மேசைக்குக் கீழ எறங்குச்சு, கன்னுக்குட்டி ஆச்சு, வடிவு கைக்கு அடியில கழுத்து இருந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. ஹாலு திடீர்னு ரொம்பப் பெரிசாத் தெரிஞ்சுச்சு.

யாருக்கும் வடிவு மொகத்தைப் பாக்கத் தைரியம் இல்ல. உடைஞ்சு போயிருவான்னுதான் நானும் நெனச்சேன், ஒரு நாற்காலியை இழுத்துக்கிட்டு ஓடுனேன். அவ "அப்பாடா!"ன்னா. பாரம் தூக்கிட்டு வந்தவ எறக்கி வச்சிட்டுச் சொல்லுவால்லா, அந்த அப்பாடா. "அப்பம் என் புத்தி கோணிப் போகல. நான் நெனச்சது எல்லாம் சரிதான்"ன்னா. அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு, கண்ணுல தண்ணி ஓடுது, ஆனா சிரிக்கா. சொர்ணம்தான் தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு இருந்தா. "நீ ஏன்டி அழுத, நீதான் பதில் சொல்லிட்டியே"ன்னு அவளை என் நாற்காலியில உக்கார வச்சா. நெல்லையப்பன், "யக்கா, அவ ஏதோ கோவத்துல…"ன்னு ஆரம்பிச்சான். "நீ இருடா"ன்னா வடிவு. அந்தக் குரலை அவன் சின்னப் பயலா இருக்கையில கேட்டிருப்பான்.

"சிஸ்டர், இன்னொண்ணு கேக்கணும்"ன்னா.

ஹாலுல எல்லாரும் நாற்காலியைப் பின்னால தள்ளி இடம் விட்டாங்க. மேனேஜரு டியூப்லைட்டைப் பாத்தாரு. வடிவு தம்பிக்கு நேரா திரும்பி நின்னுக்கிட்டு, "நாளைக்குக் காலையில நம்ம வீட்டுல காபி யாரு போடப் போறா?"ன்னு கேட்டா.

ஒரு ஆட்டுக்குட்டி வந்துச்சு. துளியூண்டு, காலு நடுங்குது. வடிவைப் பாக்கல, போயி நெல்லையப்பன் செருப்பு பக்கத்துல நின்னு அவனை அண்ணாந்து பாத்துச்சு.

"சொர்ணம் போடுவா"ன்னான். குட்டி கிடா ஆச்சு. சொர்ணம் அழுகையை நிப்பாட்டிட்டு அவனைப் பாத்த பார்வையில அவன் ஒரு எட்டுப் பின்னால வச்சான். "இல்ல, வந்து, பார்ப்போம்"ன்னான். கிடாவுக்கு வயிறு தரையைத் தொட்டுச்சு. தளவாய் சாரே, "தம்பி, அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்"னு எட்டி அவன் முதுகுல தட்டுனாரு. அவன் ஹாலைச் சுத்திப் பாத்தான். யாரும் அவனுக்கு ஒரு பதிலும் எடுத்துக் குடுக்கல. வடிவும் குடுக்கல. ஆயுசுல மொதத் தடவையா அவ அவனுக்கு ஒண்ணும் எடுத்துக் குடுக்காம நின்னா, அது அவளுக்கு எம்புட்டுக் கஷ்டமா இருந்துச்சுன்னு அவ கை ரெண்டையும் பின்னால கட்டிப் பிடிச்சுக்கிட்டதைப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

"எனக்குக் காபி போடத் தெரியாதுக்கா"ன்னான். வேட்டி நுனியைப் பிடிச்சுக்கிட்டு, சின்னக் குரலுல சொன்னான். கிடா மளமளன்னு எறங்கித் திரும்பக் குட்டி ஆச்சு. ஆனா போகல. அவனையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

அவன் அதைப் பாத்தான், அக்காவைப் பாத்தான்.

"கத்துக்கிடுதேன்."

குட்டியைக் காணோம். நான் முன் வரிசையில ஒரு நாற்காலியைத் துடைச்சுப் போட்டு, அவன் தோளைப் பிடிச்சு உக்கார வச்சேன். அன்னைக்கு நடத்த இருந்த பாடத்தை மடிச்சு வச்சிட்டு, மகால் சமையக்கட்டுலேர்ந்து அடுப்பையும் பித்தளை ஃபில்டரையும் எடுத்துட்டு வரச் சொன்னேன். டிக்காஷன் எறங்க எம்புட்டு நேரம் பொறுக்கணும்னு ஹாலுல பாதி ஆம்பிளைகளுக்குத் தெரியல, மேசை மேல கோழியும் குஞ்சுமா வந்து நெறஞ்சிருச்சு.

மறுநாள் காலையில நெல்லையப்பன் காபி போட்டிருக்கான். கழனித்தண்ணி தேவலைன்னு சொர்ணம் சொன்னா. வடிவு கட்டில்ல உக்காந்த வாக்குல வாங்கிக் குடிச்சிட்டு, டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டிருக்கா.